‘உலகத்தில் நிம்மதி இல்லை, இயேசுவிடம் உண்டு’: இதற்கு உண்மையில் என்ன அர்த்தம்?

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு கிறிஸ்தவ வீட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பிரசங்கத்தில் சொல்வார்கள், சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் சொல்வார்கள், ஆட்டோவின் பின்னால்கூட எழுதியிருக்கும். கேட்டுக் கேட்டே இதன் பொருள் தேய்ந்துவிட்டது. வேலை, சம்பளம், சொந்த வீடு, நல்ல சாப்பாடு எல்லாமே பக்திக்குப் பகை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலரோ, ஆண்டவரை நம்பினால் அதே வேலையும் வீடும் சீக்கிரம் கிடைக்கும், கவலை எல்லாம் பறந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் காட்டுவது பெரும்பாலும் ஒரே வசனங்களை.

இரண்டுமே கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதிலிருந்து விலகிப் போகின்றன என்பது என் உறுதியான எண்ணம். அது என்னதான் சொல்கிறது என்பதை, வேதாகமத்தைத் திறந்தே பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

எதை ‘உலகம்’ என்கிறோம்?

‘உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்’ என்று இயேசுவின் சீடர் யோவான் தன் முதலாம் நிருபத்தில், அதாவது முதல் கடிதத்தில், எழுதுகிறார். இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் டிவி, நகை, பதவி என்று ஒரு பட்டியல் போடத் தோன்றும். ஆனால் அவர் அடுத்த வசனத்திலேயே விளக்கிவிடுகிறார்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. அதாவது உடம்பின் ஆசை, கண்ணின் ஆசை, வாழ்க்கையைப் பற்றிய பெருமை. இவற்றில் ஒன்றுகூடக் கடையில் கிடைக்கும் பொருள் இல்லை. எல்லாமே மனதுக்குள் நடப்பவை.

பணத்தின் கதையும் இப்படித்தான். ‘பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர்’ என்று பைபிளில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். 1 தீமோத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருப்பது ‘பண ஆசை’. அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தள்ளி, நாம் அனுபவிப்பதற்காகவே தேவன் சகல நன்மைகளையும் தாராளமாகக் கொடுக்கிறார் என்றும் அந்தக் கடிதத்தின் ஆசிரியரான அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அனுபவிப்பதற்காக! பொருளை வெறுக்கச் சொல்லும் மதம் இப்படி எழுதாது.

இயேசுவைச் சுற்றி இருந்தவர்களையும் பாருங்கள். ஒரு பணக்காரனிடம் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னபோது, மீதிப் பாதி எங்கே என்று அவர் கேட்கவில்லை. மார்த்தாளும் மரியாளும் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள், அவர் அங்கே போய்ச் சாப்பிட்டார். யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியிலிருந்து அவருக்குச் செலவு செய்தார்கள். எவ்வளவு வைத்திருக்கிறாய் என்பது அவர் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்ட கேள்வி இல்லை. உன் மனசு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அவர் கேட்டது. அந்தப் பணக்காரனுக்கு அது சொத்தாக இருந்தது. அதனால் அங்கே கை வைத்தார். அதுவும், அவனைப் பார்த்து அன்புகூர்ந்து அப்படிச் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார்.

ஒரு ஆணி எவ்வளவு தாங்கும்?

வருஷப் பிறப்புக்குச் சபையில் கொடுக்கும் வசனக் காலண்டரைச் சின்ன ஆணி ஒன்றில் மாட்டியிருப்போம். வருஷம் முழுக்க அது அங்கேயே இருக்கும். அதே ஆணியில் ஒரு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து கீழே விழும். ஆணி நல்ல ஆணிதான். அது தாங்குவதற்காக அடிக்கப்படாத பாரத்தை நாம் ஏற்றினோம், அவ்வளவுதான்.

நான் ஒரு மதிப்புள்ள மனுஷன், நான் பத்திரமாக இருக்கிறேன், என்னை ஒருவர் முழுசாகத் தெரிந்துகொண்டும் ஏற்றுக்கொள்கிறார்: இந்த உறுதி இல்லாமல் மனுஷனால் வாழ முடியாது. இதுதான் அந்த மூட்டை. இதை எங்கேயாவது தொங்கவிட்டே ஆக வேண்டும். மகனின் நீட் மதிப்பெண்ணில் தன் மானத்தையே தொங்கவிட்ட ஒரு அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மார்க் குறைந்தால் அவர் உடைந்துபோகிறார். அதற்கு முன்பே அந்தப் பையன் உடையத் தொடங்கிவிடுகிறான். படிப்பு நல்லது, பிள்ளைமேல் பாசம் அதைவிட நல்லது. ஆனால் கடவுள் மட்டுமே தரக்கூடியதை ஒரு பதினேழு வயதுப் பையனிடம் கேட்டால் அவன் எங்கே போவான்?

நல்ல ஒன்றைக் கடவுளின் இடத்தில் வைப்பதைத்தான் வேதாகமம் விக்கிரகம் என்கிறது. பிறருடைய கோயிலைப் பார்த்துச் சொல்வதற்கான சொல்லாக மட்டும் இதை நாம் வைத்துக்கொண்டுவிட்டோம். ‘தங்கள் விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தில் நாட்டியிருக்கிறார்கள்’ என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி எழுதியது இஸ்ரவேலின் மூப்பரைப் பற்றி. அதாவது கர்த்தரின் வார்த்தையைக் கேட்கத் தீர்க்கதரிசியின் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றி.

மிலான் தெருவில் பார்த்த பிச்சைக்காரன்

இதைத் தன் வாழ்க்கையிலேயே ஆராய்ந்து பார்த்தவர் அகஸ்தீன். 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். இன்று அது அல்ஜீரியாவில் இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரர். முப்பது வயதில் இத்தாலியின் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியர் ஆகிவிட்டார். அப்போது மிலானில்தான் பேரரசரின் அரண்மனை இருந்தது, ஆகவே அது பெரிய பதவி.

ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து ஒரு உரை ஆற்ற வேண்டும். அந்த உரையில் நிறையப் பொய் இருக்கும், பொய் என்று தெரிந்தவர்களே அதற்குக் கைதட்டுவார்கள் என்று அவருக்கே தெரியும். அந்தக் கவலையோடு நண்பர்களுடன் தெருவில் போகும்போது ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கிறார். குடித்துவிட்டுச் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறான். அகஸ்தீன் நின்றுவிட்டார். நாம் இவ்வளவு படித்து, இவ்வளவு பாடுபட்டுத் தேடும் சந்தோஷத்தை இவன் பிச்சை எடுத்த சில காசுகளில் அடைந்துவிட்டானே என்று நண்பர்களிடம் பெருமூச்சு விட்டார்.

இங்கே ஒரு எளிய முடிவுக்கு அவர் போயிருக்கலாம்: ஏழைதான் சந்தோஷமானவன் என்று. அவர் போகவில்லை. அவனுடைய சந்தோஷமும் உண்மையானதில்லை, ஆனால் நான் தேடுவது அதைவிடப் பொய்யானது என்றார். அவன் ராத்திரி தூங்கினால் போதை தெளிந்துவிடும். நானோ என் போதையோடு தூங்கி, அதோடேயே எழுந்திருக்கிறேன், நாளைக்கும் அப்படித்தான் என்றார். புகழ் என்ற போதையை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன வேறொருவரை எனக்குத் தெரியாது.

386-இல் அவர் மனந்திரும்பினார், 387 ஈஸ்டரில் மிலான் ஆயர் அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு பல ஆண்டுகள் யோசித்து அவர் வந்து சேர்ந்த இடம் இது: மனுஷன் ஆசைப்படுவது தவறே இல்லை. ஆசைகளின் வரிசைதான் குலைந்திருக்கிறது. கடவுளைக் கடவுளாகவும், மற்றதை அதற்குரிய அளவிலும் நேசிக்க வேண்டியவர்கள், அதை மாற்றி நேசிக்கிறோம். இதை ‘ஒழுங்கு தவறிய அன்பு’ என்று சொல்லலாம். பாவம் என்றாலே கெட்டதைச் செய்வது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்லதை அதன் அளவுக்கு மீறி நேசிப்பதும் பாவத்தின் வேர்தான் என்கிறார் அகஸ்தீன்.

இதுவரை பார்த்தது: உலகப் பொருள்கள் கெட்டவை அல்ல, அவற்றால் ஆத்துமாவின் பாரத்தைத் தாங்க முடியாது. ஆசையைக் கொன்றுபோடுவது கிறிஸ்தவம் சொல்லும் தீர்வு இல்லை, ஆசைகளின் வரிசை சரியாவதுதான்.

மூத்த மகன் கேட்ட ஆட்டுக்குட்டி

சரி, வரிசையை மாற்றிவிட்டேன், இனி ஜெபம், வேதம், ஆலயம்தான் எனக்கு முதல் இடம் என்று ஒருவர் சொல்லலாம். இங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது, இதில் விழுகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

லூக்கா 15-இல் இயேசு சொல்லும் கெட்ட குமாரன் கதையில், சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனைப் பற்றியே நாம் பேசுகிறோம். கதையின் கடைசியில் வரும் மூத்தவனைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தம்பி திரும்பி வந்ததற்கு வீட்டில் விருந்து, பாட்டு. இவன் வயலிலிருந்து வந்து கோபத்தோடு வெளியிலேயே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அப்போது அவன் சொல்கிறான்: இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, என் சிநேகிதரோடு நான் சந்தோஷமாயிருக்க ஒரு ஆட்டுக்குட்டியாவது நீர் கொடுத்ததுண்டா?

‘என் சிநேகிதரோடு’ என்கிறான். அவன் ஆசைப்பட்ட விருந்தில் அப்பாவுக்கு இடமில்லை. தம்பி அப்பாவின் சொத்தை வாங்கிக்கொண்டு தூர தேசத்துக்குப் போனான். அண்ணன் வீட்டிலேயே இருந்தான், ஆனால் அவனுக்கும் வேண்டியிருந்தது சொத்துதான். வழிதான் வேறு. ஒருவன் ஓடிப்போய் எடுத்தான், மற்றவன் உழைத்து வாங்கப் பார்த்தான். தகப்பனின் பதில் இப்படித் தொடங்குகிறது: ‘மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது.’ அப்பாவோடு இருப்பது அவனுக்கு ஒரு பாக்கியமாகவே தெரியவில்லை.

காணிக்கை கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும், இத்தனை நாள் உபவாசம் இருந்தால் விசா கிடைக்கும் என்கிற போதனை எல்லாம் அந்த ஆட்டுக்குட்டிக் கணக்குதான். வெளியே பார்த்தால் பக்தி, உள்ளே உலக ஆசைதான் ஆலய வாசல் வழியாக வந்திருக்கிறது. ‘முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்’ என்ற மத்தேயு 6-ஆம் அதிகார வசனத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ‘இவைகளெல்லாம்’ எவை என்று இரண்டு வசனம் மேலே பார்த்தாலே தெரியும்: சாப்பாடு, குடிக்க, உடுத்த. காரும் பங்களாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

தேவைகளுக்காக ஜெபிப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. பிள்ளை அப்பாவிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? கேட்டது கிடைக்காவிட்டால் அப்பாவே வேண்டாம் என்று போகிறோமா என்பதில்தான் தெரிந்துவிடும்.

அப்படியானால் திருப்தி எங்கிருந்து வருகிறது?

கிருபையிலிருந்து. கிருபை என்றால், தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. கிறிஸ்தவ விசுவாசத்தின் இயந்திரமே இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். ‘இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்’ என்று வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. மத்தேயு எழுதியிருக்கும் வரிசையில் அதுவரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. பிரியம் முதலில் வந்தது, ஊழியம் அப்புறம் வந்தது. உலகத்தில் எல்லாம் நேர்மாறு: முதலில் சாதித்துக் காட்டு, பிறகு உன்னைப் பிடிக்கும்.

கிறிஸ்துவை நம்புகிறவரைத் தேவன் கிறிஸ்துவுக்குள் வைத்துப் பார்க்கிறார், அவரைப் பார்த்துச் சொன்ன பிரியத்தை நம்மேலும் வைக்கிறார் என்பதுதான் நற்செய்தி. சிலுவையில் அவர் நம் குற்றத்தை ஏற்றுக்கொண்டதால் நமக்குப் பிள்ளை என்ற இடம் கிடைக்கிறது. ரோமர் 8-இல் பவுல் சொல்கிறபடி, ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடும் உரிமை அது. நான் மதிப்புள்ளவனா, ஏற்றுக்கொள்ளப்பட்டவனா என்ற கேள்விக்குப் பதில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அந்தப் பதிலைச் சம்பளச் சீட்டிலும் சொந்தக்காரர்களின் பேச்சிலும் தேட வேண்டிய அவசியம் போய்விடுகிறது. இது வெறும் கருத்தாக நிற்காமல் மனதில் இறங்குவதைப் பரிசுத்த ஆவியின் வேலை என்கிறது வேதாகமம்.

அப்போது வேலை வெறும் வேலையாகிறது. அதைச் செய்யலாம், ரசிக்கலாம், பதவி உயர்வு வந்தால் சந்தோஷப்படலாம். வராவிட்டால் வருத்தம் இருக்கும், ஆனால் ஆளே இல்லாமல் போய்விட மாட்டோம்.

பவுல் கற்றுக்கொண்டது

‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ பிலிப்பியர் 4:13. பரீட்சை அட்டையிலும் கடைச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். பரீட்சையில் ஜெயிப்பது, வியாபாரம் பெருகுவது என்றுதான் அதைப் படிக்கிறோம். பவுல் அதை எழுதியபோது சிறையில் இருந்தார். முந்தின இரண்டு வசனங்களில் அவர் சொல்வது பசியைப் பற்றி: சாப்பாடு இருக்கும்போதும், பட்டினி கிடக்கும்போதும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாய், அதாவது மனநிறைவோடு, இருக்கக் ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார். ஆகவே அந்த ‘எல்லாவற்றையும்’ என்பதில் தோற்பதும் இருக்கிறது, ஒன்றுமில்லாமல் இருப்பதும் இருக்கிறது.

அவர் கல்லாகிவிடவில்லை என்பதையும் அதே கடிதம் காட்டுகிறது. பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து அவரிடம் வந்த இடத்தில் சாகக்கிடந்தார். அவர் பிழைத்ததால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகவில்லை என்று பவுல் எழுதுகிறார். அனுப்பிய உதவிக்கு மனமார நன்றியும் சொல்கிறார். திருப்தியுள்ள மனுஷனுக்கும் அழுகை வரும், தேவை இருக்கும், நண்பர்கள் வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஒருவர் இப்படி வாழ்ந்தார். அயர்லாந்திலிருந்து வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையிலேயே, வலியோடு கழித்தார். சுகத்துக்காக ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்து அவர் நிறைய எழுதினார், முக்கியமாக நோயாளிகளுக்காக. நம்பினால் கஷ்டம் போய்விடும் என்ற போதனை அந்த அறைக்குள் நின்று பேச முடியாது.

இந்தப் பகுதியின் சுருக்கம் இதுதான். கடவுளிடமிருந்து எதையாவது வாங்குவதற்காக அல்லாமல், கடவுளுக்காகவே கடவுளைத் தேடுவது. அவர் நம்மை ஏற்றுக்கொண்டதில் மனம் ஊன்றி நிற்பது. இது ஒரே நாளில் வருவதில்லை, பவுலே கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார்.

எப்படிக் கற்றுக்கொள்வது?

இதற்கென்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். கர்த்தருடைய ஜெபம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறோமே, அதன் வரிசையைக் கவனித்திருக்கிறோமா? உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம். இதற்கு அப்புறம்தான் எங்கள் ஆகாரம், எங்கள் மன்னிப்பு, எங்கள் பாதுகாப்பு. குலைந்துபோன ஆசைகளை அந்த ஜெபம் ஒவ்வொரு நாளும் எடுத்து அடுக்கிவைக்கிறது. ஆகாரம் கேட்கும்போதும் அன்றைக்கு வேண்டியதைத்தான் கேட்கச் சொல்கிறது. ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்ற இடத்தில், நீங்கள் இப்போது மிகவும் பயப்படுகிற விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு, நிறுத்தி, மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எளிதாக இருக்காது. மனசு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

கொடுப்பதும் ஒரு பயிற்சி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்துவைக்கும் வழக்கம் நம் ஊர்ச் சபைப் பெண்களிடம் உண்டு. பெரிய தொகை இல்லை. ஆனால் பானையில் போடும் முன்பே, இது எல்லாமே எனக்குக் கிடைத்தது என்று கை சொல்லிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துவதும் இதே வகைதான்: நான் ஓடாவிட்டாலும் உலகம் நடக்கும்.

இதை வைத்துச் சொல்லக்கூடாதவை

‘போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்’ என்ற வசனத்தைக் கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியிடம் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். இது வசனத்தைத் திருடுவது. போதும் என்ற மனம் ஒருவர் தனக்குத்தானே கற்றுக்கொள்வது, அடுத்தவர் வயிற்றில் அடிப்பதற்கான சாக்கு இல்லை. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் பணக்காரரைத்தான் எச்சரிக்கிறது.

இன்னொன்று, மனச்சோர்வில் இருக்கிறவரிடம் ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று சொல்வது. எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். அவரிடம் வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அவரைத் தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாகலாம் என்று தோன்றுகிறவருக்கு மருத்துவர் வேண்டும், சாப்பாடு வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். அதைத் தேடிப் போவது விசுவாசக் குறைவு இல்லை.

படிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு: பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பிறகு லூக்கா 15. அதற்கு அப்புறம் 73-ஆம் சங்கீதம். துன்மார்க்கர் வசதியாக வாழ்வதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆசாப் பாடியது அது. தன் பொறாமையை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான், ‘பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை’ என்ற இடத்துக்கு வருகிறார். அதனால் நடுவில் நிறுத்தாமல் முழுசாகப் படியுங்கள். ஒரு கேள்வி வந்தால் உங்கள் போதகரிடமோ, விசுவாசத்தில் பழகிய ஒரு பெரியவரிடமோ கேளுங்கள்.